சொந்தக்காரர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்

1

வட நோர்வேயில் கடலோரமாக ஒரு சிற்றூர். அங்குள்ள பொது மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாற்காலி போடுவேன், எடுத்து அடுக்குவேன், குழாய் ஒழுகினால் அடைப்பேன், பனிக்காலத்தில் வாசலை வழித்துச் சுத்தம் செய்வேன். மாதம் ஒருமுறை ஊர்ச் சபை இங்கேதான் கூடும். உறுப்பினர்களுக்குக் கோப்பி ஊற்றி வைத்துவிட்டு நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். பேசுவதில் முக்கால்வாசி புரியும், மீதியை முகத்தைப் பார்த்து ஊகிப்பேன். இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டையே இப்படித்தான் விளங்கிக்கொண்டு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நடந்த கூட்டத்தில் ஒரு விளக்குக் கம்பம் பற்றிப் பேச்சு வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் ஏறும் சரிவுப் பாதையில் ஒரு விளக்குப் போடலாமா என்பதுதான் விஷயம். ஒரே ஒரு விளக்கு. தலைவர் அந்தத் தலைப்பை வாசித்ததும் இங்கெர் எழுந்தார். எழுபதைத் தாண்டிய பெண் உறுப்பினர். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். "என் வீடு அந்தப் பாதையில் இருக்கிறது. நான் வெளியே போகிறேன்" என்றார். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போய்விட்டார். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலேயே போனேன். நோர்வே மொழியில் 'நீங்கள்' என்று யாரும் சொல்வதில்லை, எல்லோரும் 'நீ'தான். இந்த வயதுப் பெண்மணியை 'நீ' என்று கூப்பிட என் நாக்கு இன்றைக்கும் தடுமாறும். எழுதும்போதாவது மரியாதை கொடுத்துவிடுகிறேன்.

"வழுக்குகிற பாதை. எழுபது வயதில் நீங்கள் தினமும் ஏறி இறங்குகிறீர்கள். ஒரு விளக்கு வேண்டும் என்று சொல்வதில் என்ன பிழை?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்த விளக்கு வேண்டும்தான். அதனால்தான் வெளியே நிற்கிறேன்" என்றார்.

அவ்வளவுதான் பதில். ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது, அவர் உள்ளே போனார். விளக்கு கிடைத்ததா இல்லையா என்று கேட்கவும் இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊர்ச் சபை உறுப்பினர் என்றால் முதலில் தன் வீட்டு வாசலுக்குத் தார் போட்டுக்கொள்பவர் என்று நினைத்து வளர்ந்தவன் நான். ஒரு விளக்குக்காக ஒருவர் எழுந்து வெளியே போவதை அன்றுதான் பார்த்தேன்.

2

சிலிர்த்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்போதுதான் என் தங்கை பரமேஸ்வரி இலங்கையில் எங்கள் பகுதிப் பிரதேச சபைக்கு உறுப்பினராகியிருந்தாள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பண்டாரவளையிலிருந்து பூனாகலை போகிற வழியில் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து மேற்கணக்கு லயங்களுக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில் இருக்கும் தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு, ஏற இரண்டு கட்டை. கட்டை என்றால் மைல். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கல் ரோடு. கல் போய்விட்டது, ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். மழை பெய்தால் ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்களே புதைந்துபோன பிறகு, மலை கொஞ்சம் முனகினாலும் இறங்கி ஓட அந்த ஒரு வழிதான் என்று சனங்களுக்கு வேறு பயம்.

முன்பெல்லாம் தோட்டத்து ரோட்டில் ஒரு சட்டி மணல் கொட்டவும் பிரதேச சபைக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நாங்கள் வாக்குப் போடலாம், வாக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு மாலை போடலாம், அதோடு சரி. சட்டத்தைத் திருத்திச் சில வருடங்கள்தான் ஆகின்றன.

எங்கள் அப்பா அந்த ரோட்டில்தான் செத்துப்போனார். நெஞ்சு வலி. கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் அவரைப் படுக்கவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பாதி வழியில் பரமு நிறுத்தச் சொல்லிப் பார்த்தபோது மூச்சு இல்லை. நான் அப்போது இங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். விசா சிக்கல், காரியத்துக்கும் போகவில்லை.

பரமு பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இருபது வருடமாக அந்த வேலை. தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவள்தான் மூக்கு துடைத்திருக்கிறாள். தேர்தலில் நிற்கப் பெண் ஒருவர் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் வந்து கேட்டபோது, "ரோட்டுக்காக மட்டும்தான் நிப்பேன். வேற எதுவும் எங்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லித்தான் நின்றாள். வென்றாள்.

3

புதிய உறுப்பினர்களுக்குப் பதுளையில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. சட்டம், நடத்தை, எது செய்யலாம், எது கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பரமு பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினாள். உறுப்பினரோ அவருடைய ஆட்களோ சபை வேலைகளைக் கொந்தராத்து எடுக்கக் கூடாது. சபை வாகனத்தில் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பரிசு வாங்கக் கூடாது.

"பரிசுன்னு சொன்னதும் நான் எழும்பிக் கேட்டேண்ணே" என்றாள்.

"என்னத்தக் கேட்ட?"

"தீபாவளிக்கு எங்க சனங்க தேங்கா பழம் வச்சி தட்டுல கொண்டாருவாங்க, அது பரிசான்னு கேட்டேன். பாடம் சொல்லிக் குடுத்த சேர் ரொம்ப நேரம் யோசிச்சாரு. தேங்காய எடுத்துக்கிட்டுத் தட்டத் திருப்பிக் குடுத்துருங்கன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. நான் அதையும் கொப்பியில எழுதிக்கிட்டேன்."

கடைசியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய சபை தானாக முன்வந்து ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவையின் ஒரு பகுதி அது. சொத்து என்ன, தொழில் என்ன, உறவினர் யார் யார் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். பிறகு அவர்கள் சம்பந்தப்பட்ட விஷயம் சபைக்கு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

நான் இங்கெரின் கதையைச் சொன்னேன். விளக்குக் கம்பத்தைக் கொஞ்சம் உயர்த்தியே சொல்லியிருப்பேன். 

"வெளிய போயி என்ன செஞ்சாங்க அந்தம்மா?"

"சும்மா நின்னாங்க. கோப்பி குடிச்சாங்க."

"அந்த வெளக்கு கிடைக்கலேன்னாலும் பரவாயில்லையா அவங்களுக்கு?"

"அதப் பத்திக் கேக்கவே இல்ல."

"மனுசின்னா அவங்கதாண்ணே" என்றாள். குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது.

எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. தூரத்தில் இருப்பவனுக்குப் புத்தி சொல்வது சுகமான வேலை. "யாரெல்லாம் சொந்தமோ ஒருத்தர் விடாம எழுது பரமு. மறைச்சிட்டான்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக் கூடாது" என்றேன்.

அவள் எழுதினாள்.

4

இரண்டு வாரம் கழித்துப் படிவத்தைப் படம் படமாக எடுத்து அனுப்பினாள். உறவினர் பகுதிக்கு ஐந்து வரிதான் இடம் விட்டிருந்தார்கள். அந்த ஐந்து வரியும் படத்தில் மங்கிப்போய் வாசிக்க முடியாமல் இருந்தது. அவள் கொப்பித் தாள்களைக் கிழித்துப் பின்னால் ஊசியால் குத்தியிருந்தாள். மாரியாயி, சித்தி முறை. ஐயாவு, பெரியப்பா முறை. எட்டாம் லயத்துப் பிச்சைமுத்து, மாமா முறை. அவர் மருமகள், கொழுந்தியாள் முறை. மேற்கணக்கில் உள்ள அத்தனை வீடும் அதில் இருந்தது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பெயர் என்று அடியில் எழுதியிருந்தாள்.

முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சொந்தம் என்று நான் சொன்னபோது என் மனதில் இருந்தது அவள் புருஷன், பிள்ளைகள், மிஞ்சினால் அவள் மாமியார். அவள் மனதில் இருந்தது முறை சொல்லிக் கூப்பிடுகிற எல்லோரும். நானும் அந்த லயத்தில் பிறந்து, அதே முறைகளைச் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவன்தான். எப்போது என் கணக்கு இவ்வளவு சுருங்கியது என்று எனக்கே தெரியவில்லை.

கொஞ்சம் யோசித்தால் தெரியத்தான் செய்கிறது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் குடிவரவு அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். நெருங்கிய உறவினர் பெயர்களை எழுதச் சொன்னார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். அங்கிருந்த பெண் கோபப்படவில்லை. சிரித்தபடியே ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பெயராக "இவர் யார்?" என்று கேட்டுக் கேட்டு வெட்டினார். கடைசியில் அப்பா, அம்மா, பரமு என்று மூன்று பெயர் மிஞ்சியது. நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வேண்டியது விசா முத்திரை ஒன்றுதான்.

என் மகள் மீராவுக்கு வயது பதினாறு. பரமுவின் படிவத்தை அவளிடம் காட்டினேன். நம் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் அவள் யோசிக்காமல் நாலு என்பாள். நான், என் மனைவி, அவள், அவள் தம்பி. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "அத்தை இவங்க எல்லாருடைய பிறந்தநாளையும் ஞாபகம் வச்சிருப்பாங்களா?" என்று நோர்வே மொழியில் கேட்டாள். அத்தைக்குத் தன் பிறந்தநாளே ஞாபகம் இருக்காது என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை.

5

சபைச் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். பரமுவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்.

"அம்மா, உங்கட மனுசன், பிள்ளையள், கூடப்பிறந்தவை, இவ்வளவும் காணும். இதை இப்பிடியே பதிஞ்சனெண்டால் உங்கட றோட்டு விஷயம் வாற அண்டைக்கு நீங்கள் எழும்பி வெளியில போகவேணும். அதுக்குத்தானே நீங்கள் எலெக்சன் கேட்டனீங்கள்? மிச்சப் பேரை வெட்டிப்போட்டுத் தாங்கோ."

அவர் சொன்னது சரி. அந்த வருடம் சபையால் ஒரு ரோட்டைத்தான் எடுக்க முடியும். ஒன்று எங்கள் மேற்கணக்கு ரோடு. மற்றது கடைவீதிக்குப் பின்னால் போகும் ரோடு. அதற்காக நின்றவர் சுனில் முதலாளி என்ற சிங்கள உறுப்பினர், அதே தெருவில் இரும்புக் கடை வைத்திருப்பவர், வாயாடத் தெரிந்தவர். எங்கள் ரோட்டுக்காகப் பேச அந்தச் சபையில் பரமுவைத் தவிர வேறு நாதி இல்லை.

நான் உடனே அவளைக் கூப்பிட்டேன். "வெட்டிக் குடு. நான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்ல" என்றேன்.

"எப்படிண்ணே வெட்டுறது? மாரியாயி சித்தி எனக்கு ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு அவங்க வாசல்ல போயி எப்படி நிப்பேன்?"

"அது சும்மா ஒரு ஃபாரம் பரமு. அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவை நினைத்துப் பார், அந்த ரோட்டுக்காகத்தானே போனாய், இப்போது நீயே அதைக் கெடுக்கப் போகிறாயா என்று கத்தினேன். என் பிழையை அவள் தலையில் கட்டுகிறேன் என்று கத்தும்போதே தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அவள் திருப்பிக் கத்தவில்லை.

"அப்பாவத் தூக்கிட்டு வந்த நாலு பேரும் அந்த லிஸ்டுல இருக்காங்கண்ணே. யார வெட்டட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

 அதோடு அவளே தொலைபேசியை வைத்துவிட்டாள்.

6

கூட்டத்தில் நடந்ததை எனக்குச் சொன்னது அவள் புருஷன், என் மச்சான் ராஜு. அன்றைக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் போடாமல், நாட்கூலியை விட்டுவிட்டு, பொதுமக்கள் இருக்கையில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

ரோட்டு விஷயம் வந்ததும் பரமு எழுந்திருக்கிறாள். "தவிசாளர் ஐயா, மேற்கணக்கு ரோட்டால நன்ம அடையிறவங்க அத்தன பேரும் எனக்குச் சொந்தம். எழுதிக் குடுத்திருக்கேன். நான் வெளிய போறேங்க" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்திருக்கிறாள். இரண்டு மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். "எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்திச்சி மச்சான்" என்றார் ராஜு.

கதவு சாத்தப்பட்டதும் சபைத் தலைவரான தவிசாளர், "சரி, மேற்கணக்கு ரோட்டைப் பற்றி யார் பேசுவது?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். பேச ஆளில்லாமல் அவர் அடுத்த ரோட்டுக்குப் போனார். இப்போது சுனில் முதலாளியின் முறை. முந்தின நாளே அவர் பாதிப் பேரைத் தன் பக்கம் சேர்த்துவிட்டார் என்று ஊருக்கே தெரியும். அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், மூடிய கதவைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். 

பிறகு எழுந்து, "என் கடை அந்த ரோட்டில்தான் இருக்கிறது. அந்த நங்கி சொந்தக்காரர்களுக்காக வெளியே போய்விட்டாள். நான் என் கடையை வைத்துக்கொண்டு உள்ளே இருந்து பேசினால் என் பிள்ளைகளே என்னைப் பார்த்துச் சிரிக்கும்" என்றாராம். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. அவரும் வெளியே போய்விட்டார். அதோடு நிற்கவில்லை. இன்னொரு உறுப்பினர் மணல் லொறி வைத்திருப்பவர். எந்த ரோடு போட்டாலும் அவர் லொறியில்தான் மணல் போகும். அவர் கூரையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கடைசியில் முனகிக்கொண்டே எழுந்து போனார்.

வெளியே ஒரே வாங்குப் பலகையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சுனில் முதலாளி பரமுவிடம், "அந்த ரோடு எவ்வளவு தூரம் நங்கி?" என்று கேட்டிருக்கிறார். அத்தனை வருடம் அரசியல் செய்தவர், ஒரு நாளும் அந்தப் பக்கம் ஏறியதில்லை.

"இப்ப நான் அதப் பத்தி ஒங்ககிட்ட பேசக் கூடாதுங்க முதலாளி" என்றாளாம் பரமு.

இதைக் கேட்டபோது நான் மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இங்கெரின் பின்னால் பெரிய பெரிய சட்டங்கள் இருக்கின்றன, பத்திரிகை இருக்கிறது, அவரைப் பார்த்து வளர்ந்த ஊர் இருக்கிறது. என் தங்கையின் பின்னால் ஒரு பாடசாலைக் கொப்பிதான் இருந்தது. மூன்று வயதில் என் முதுகில் தொங்கிக்கொண்டு காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் வரைக்கும் வந்த பிள்ளை. இவ்வளவு பெரிய மனுஷி எங்கிருந்து வந்தாள் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

7

உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் இரண்டு ரோட்டையும் முழுக்கப் பார்த்ததில்லை. அதனால் தவிசாளர் முடிவைத் தள்ளிவைத்தார். அடுத்த வாரம் வாக்குப் போடுகிற உறுப்பினர்கள் எல்லோரும் இரண்டு ரோட்டிலும் நடந்தே போய்ப் பார்த்தார்கள். மழை நாள். பரமு கூடப் போகவில்லை, பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏற்றத்தில் தவிசாளரின் செருப்பு அறுந்துபோனது. கொழுந்து மூட்டையோடு இறங்கிய ஒரு பெண் ஒதுங்கி வழிவிட, அவளிடம் நோயாளிகளை எப்படிக் கொண்டு வருவீர்கள் என்று கேட்டிருக்கிறார். "கம்பளியிலங்க" என்றாளாம். பிள்ளைப்பேறு என்றால் என்று கேட்டதற்கு, "அதுவும் கம்பளியிலதாங்க" என்று சொல்லிவிட்டு, மூட்டை நனைகிறதென்று நடந்துவிட்டாளாம். மிச்சத் தூரத்தைத் தவிசாளர் வெறுங்காலோடு நடந்தார்.

வாக்கெடுப்பு அன்றும் மூன்று நாற்காலி காலி. மெயின் ரோட்டிலிருந்து கோவில் திருப்பம் வரைக்கும், அதாவது பாதி ரோட்டுக்கு, கொங்கிரீட் போட எல்லோரும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். மீதிக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். பாதிதான். ஆனால் யார் வாயாலும் ஒரு சொல் சொல்ல முடியாத பாதி.

மறுநாளே நான் பரமுவைக் கூப்பிட்டேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, நீங்க கத்தாம வேற யாரு கத்துவா" என்றாள். பிள்ளைக் காம்பராவில் ஏதோ ஒரு குழந்தை அழும் சத்தமும், அவள் அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தமும் கேட்டன. எனக்கு மனம் லேசாகிவிட்டது. சீண்டிப் பார்க்கத் தோன்றியது.

"அது சரி பரமு, அந்த நூத்திப் பன்னெண்டுல நான் எத்தனாவது ஆளு? முதல் பேரா, மாரியாயி சித்திக்குப் பொறகா?"

அவள் குழந்தையை வேறு யாரிடமோ கொடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒங்க பேரு அதுல இல்லண்ணே" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த ஃபாரத்துல, சபை எடுக்கிற முடிவால நல்லது கெட்டது வரக்கூடிய சொந்தக்காரங்க யாருன்னுதான் கேட்டிருந்திச்சி. ஒங்க பேரத்தான் மொதல்ல எழுதினேன். பொறகு வாசிச்சிப் பாத்துட்டு அழிச்சிட்டேன். அந்த ரோட்டு நல்லா இருந்தா ஒங்களுக்கு என்ன, கெட்டா ஒங்களுக்கு என்ன? நீங்க அதுல நடக்கிறதில்லையே. மறைக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. இல்லாததையும் எழுதக் கூடாதில்லண்ணே?"

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. கொப்பியைப் பார்த்து வாசிப்பது போலத்தான் சொன்னாள். பிறகு மீரா எப்படிப் படிக்கிறாள், அங்கே குளிர் தொடங்கிவிட்டதா என்று கேட்டாள். நான் ஏதோ பதில் சொன்னேன். மாரியாயி சித்தியை வெட்ட மனம் வராதவள் என் பெயரை அழித்திருக்கிறாள். எத்தனை தடவை யோசித்தும் அதில் அவள் செய்த பிழை ஒன்றையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.